நின்ற ரயிலில் ஒரு வாழைத்தார்

பிள்ளைகளா, இதை எழுதச் சொன்னது நம் பெரியவள்தான். "நீ வாயால சொன்னா ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு கூட சேருதுப்பா. எழுதிக் குடு. அப்பதான் அதுக்கு மேல வளராது" என்று தன் பழைய கெமிஸ்ட்ரி நோட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனாள். முன்பக்கம் முழுக்க அமிலமும் காரமும். நான் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். எழுத்தில் பிழை இருந்தால் சின்னவள் சிவப்புப் பேனாவால் திருத்தட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. ஏனென்றால் கடை பெஞ்சைத் திருப்பிப் போட்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இங்கேயே பிறந்த உங்களுக்கு இது ஒரு வழக்கமென்றே தோன்றாது. ஒருவர் பேச்சில் சந்தேகம் வந்தால் நம் ஊரில் கற்பூரம் கொளுத்தச் சொல்வதில்லை, தலையில் அடித்துச் சத்தியம் கேட்பதில்லை. "மலையைப் பாத்து சொல்லு" என்போம். அவ்வளவுதான். மேலே இருக்கும் முருகன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது ஏற்பாடு. மாடு வாங்கும்போது எத்தனை ஈத்து என்று கேட்பதற்கும் இதுதான், பிள்ளையிடம் பரீட்சை மார்க் கேட்பதற்கும் இதுதான். உண்மை பேசுகிறவன் சட்டென்று திரும்பிச் சொல்லிவிடுவான். மற்றவனுக்கு அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அறுந்துபோகும். நம் ஊர் ரிப்பேர் கடைகளையும் தையல் கடைகளையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். "எப்ப ரெடியாவும்?" என்று கேட்டால் "நாளைக்கு" என்று சொல்லவேண்டிய தொழில்கள் இவை. வேண்டுமென்றே அப்படிக் கட்டினோம் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

நம் தெரு முனை நூலகத்து மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊரைப் பற்றிப் பேசும் கூட்டம் ஒன்று நடக்கிறது அல்லவா, அதைத் தொடங்கியவர் ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் கடிதங்களைப் பிரிக்காமலே கொண்டு சேர்த்த மனிதர். அத்தனை கடிதத்துக்குள்ளும் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையை ரிட்டயராகும் வரை அடக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. இப்போது யார் எதைச் சொன்னாலும் ஒரு நீள நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிவிடுகிறார்.

கூட்டத்துக்கு அவர் போட்ட விதி இது: நாலிலிருந்து ஐந்து வரை சரித்திரம், ஐந்துக்கு மேல் தெருப் பிரச்சினை. தெருப் பிரச்சினை என்றால் கால்வாய். நம் தெருவில் தொடங்கிய கழிவுநீர்க் கால்வாய் மெஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. மழை வந்தால் தண்ணீரும் அங்கே வந்து நின்று, அடுத்து எங்கே போவது என்று யோசிக்கும். அதனால் என்ன ஆகிவிட்டது என்றால், சரித்திரம் எதுவாக இருந்தாலும் நாலு பத்துக்கெல்லாம் கால்வாயில் வந்து விழுந்துவிடும்.

முதல் கூட்டத்தில் ஊர்ப் பெயரைப் பற்றிப் பேச்சு. "முருகனுக்குக் கோபம் தணிந்த இடம், அதனால் தணிகை" என்று போஸ்ட் மாஸ்டர் அழகாகத் தொடங்கினார்.

பூக்கடை வைத்திருக்கும் அம்மா எழுந்தார். "அவருக்குத் தணிஞ்சுதுங்க. மலை மேல கீறாரு, தண்ணி ஓடிப்பூடும். எங்க கடை வாசல்ல முழங்காலுக்கு நிக்கிதே, எனக்கு எப்ப தணியறது?"

அவ்வளவுதான். முருகனை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அதனால் யார் பேசினாலும் ஒரு முறை தமிழில், ஒரு முறை தெலுங்கில். இரண்டும் எல்லாருக்கும் புரியும். இருந்தாலும் மரியாதைக்காக இரண்டு முறை. சண்டை மட்டும் ஒரே முறை, இரண்டும் கலந்து.

மூன்றாவதோ நாலாவதோ கூட்டத்தில் எல்லைப் போராட்டத்துக்கு வந்தோம். நம் ஊர் முன்பு ஆந்திராவோடு இருந்தது, ஊர்க்காரர்கள் போராடித்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நம் ஸ்டேஷனில் ரயிலை மறித்தார்கள். "அன்னைக்கு யார் யார் வீட்டுப் பெரியவங்க கலந்துகிட்டாங்க, சொல்லுங்க" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

முதலில் எழுந்தவர் மெஸ்காரர். தன் அப்பா தண்டவாளத்தில் படுத்தார் என்றார். என்ஜினுக்கும் அவருக்கும் பத்து அடிதான். எல்லாரும் கைதட்டினோம். அடுத்து ஒருவர் எழுந்தார். அவருடைய அப்பாவுக்கும் என்ஜினுக்கும் எட்டு அடி. அடுத்தவர் அப்பாவுக்கு ஐந்து அடி. யாருடைய அப்பாவும் முந்தின ஆளின் அப்பாவுக்குப் பின்னால் படுக்கத் தயாராக இல்லை. என் முறை வந்தபோது மூன்று அடியில் வந்து நின்றிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, என்னிடம் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: "ரயிலை நிறுத்தின அன்னைக்கு நானும் அங்கதான்டா இருந்தேன். என்னையும் லாரில ஏத்தினாங்க." சிறுவயதில் நாலைந்து முறை சொல்லியிருப்பார். மேற்கொண்டு கேட்டால் பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டி தேடப் போய்விடுவார். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். அப்போது என் முதுகு ஜன்னல் பக்கம் இருந்தது. அந்த மாடியில் மலை தெரிகிற ஜன்னல் அது ஒன்றுதான்.

"எங்க நைனா தலைக்கும் என்ஜினுக்கும் ஒரு அடி" என்றேன். "ஆவி அடிச்சு நைனாவோட மீசை கருகிப்போச்சு."

மீசை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நைனா மீசை வைத்ததே கிடையாது. ஆனால் கைதட்டல் பெரிதாக வந்தது. எனக்கு அடுத்துப் பேசவேண்டியவர் மட்டும் கொஞ்சம் கவலையாக உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா இனி என்ஜினுக்குள்தான் படுக்கவேண்டும்.

அன்று ராத்திரி சோறு தின்னும்போது உங்களிடமும் சொன்னேன், மீசையோடு. பெரியவள் அதை அப்படியே பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பேசினாள். "என் தாத்தா ரயிலின் முன் தலை வைத்தவர்" என்று தொடங்கினாளாம். முதல் பரிசு, எவர்சில்வர் டம்ளர். உங்கள் அம்மா அதை டிவி பக்கத்தில் வைத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் டம்ளரைப் பற்றிச் சொல்வேன், பிறகு மோட்டாரைப் பற்றிக் கேட்பேன்.

அது அதோடு போயிருந்தால் இந்த நோட்டு எனக்குத் தேவைப்பட்டிருக்காது. அடுத்த கூட்டத்தில் போஸ்ட் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். நூலக வாசலில் ஒரு பலகை வைக்கலாம், ரயில் மறியலில் கலந்துகொண்ட நம் தெருப் பெரியவர்கள் ஏழு பேரின் பெயரையும் எழுதலாம் என்றார். எல்லாரும் ஆங், ஆங் என்றார்கள். பூக்கடை அம்மா மட்டும், "பலகைய கால்வாய்க்கு எடஞ்சல் இல்லாம வைங்க" என்றார்.

"ஒரு விஷயம்" என்றார் போஸ்ட் மாஸ்டர். "பலகையில் எழுதினால் அழிக்க முடியாது. அதனால் அடுத்த மாதம் ஒவ்வொருத்தரும் அந்த ஜன்னல்கிட்ட நின்னு, மலையைப் பாத்து ஒரு வாட்டி சொல்லிடுங்க. நோட்டில் குறிச்சிக்கிறேன்."

எனக்கு அப்போதும் பயமில்லை. மீசையை மட்டும் எடுத்துவிட்டால் மீதி உண்மைதானே என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கிருத்திகை. நகரி பக்கத்திலிருந்து என் அத்தை, தாத்தாவின் கூடப்பிறந்த தங்கை, மலைக்கு வந்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் டியூஷனில் இருந்தீர்கள். அத்தை இட்லி தின்றுகொண்டிருந்தார். நான் பெருமையாகப் பேச்சை எடுத்தேன்.

"அத்த, நைனா பேரைப் பலகையில எழுதப்போறாங்க."

"எந்துக்குரா?"

"ரயிலு முன்னாடி படுத்தாரில்ல, அதுக்குத்தான்."

அத்தை இட்லியைத் தட்டில் வைத்தார். "யாரு படுத்தது?"

"நைனா."

"எங்க அண்ணனா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், புரையேறி, உங்கள் அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசினார். "ஒரேய், அவன் ரயிலு முன்னாடி படுக்கலடா. ரயிலுக்குள்ள உக்காந்துகினு இருந்தான்!"

பிறகு சொன்னார். அன்று அத்தைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அவர்களுடைய அப்பா இறந்துவிட்டதால் தட்டு மாற்றவேண்டியது அண்ணன்தான். சித்தப்பாமார்கள் முந்தின நாளே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் காலையில் மார்க்கெட்டில் நல்ல வாழைத்தாராகப் பார்த்து வாங்கி, ரயிலேறி வரவேண்டும்.

"வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தட்டு மாத்தணும். ரயில்ல ஏறி, தாரை மடியில வெச்சிகினு உக்காந்தானாம். ரயிலு கிளம்பல. எறங்கிப் பாத்தா தண்டவாளத்துல ஆளுங்க படுத்துகினு கீறாங்க. உங்க நைனா நேரா அவங்க கிட்டயே போய் சண்டை. 'எங்க தங்கச்சி நிச்சயம்டா, வழி உடுங்கடா, இந்த ஒரு ரயிலு போவட்டும், சாயங்காலம் வந்து படுத்துக்கோங்க'ன்னு கத்துனானாம். போலீசு வந்துச்சு. யாரு சத்தம் பெருசா இருக்குதோ அவன்தான் தலைவருன்னு நெனச்சி, அவனைத்தான் மொதல்ல லாரில ஏத்துச்சு. தாரோட."

"அப்புறம்?" என்றாள் உங்கள் அம்மா.

"அப்புறம் இன்னா? நிச்சயம் ஒரு மாசம் தள்ளிப்பூடுச்சு. 'அண்ணங்காரன் பழத்தைத் தின்னுட்டு ஜெயிலுக்குப் பூட்டான்'னு எங்க மாமியாரு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு. ஒரு தாரு பழம்! என் கைக்கு ஒண்ணு வரல. யாருடா தின்னதுன்னு எத்தினி வாட்டி கேட்டுகீறேன், வாயைத் தொறக்கல உங்க நைனா. தீப்பெட்டி தேடப் பூடுவான்."

தீப்பெட்டி என்றதும் அத்தை சொல்வது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நைனா ஒரு பொய்யும் சொல்லவில்லை. அங்கே இருந்தேன் என்றார், இருந்தார். லாரியில் ஏற்றினார்கள் என்றார், ஏற்றினார்கள். அவரைத் தண்டவாளத்தில் படுக்கவைத்தது நான். மீசை வைத்து, அதைக் கருக்கியதும் நான். அதையெல்லாம் நம்பி மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியது பெரியவள்.

அன்று ராத்திரி உங்கள் அம்மாவிடம் கேட்டேன், என்ன செய்வது என்று.

"ஜன்னல்கிட்ட நிக்கும்போது கண்ணை மூடிக்கோங்க" என்றாள். "மலையைப் பாக்கலன்னா தப்பில்ல." அவளுக்குப் பலகையைத் தன் அண்ணனிடம் காட்டவேண்டும் என்று ஆசை. கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "பலகை கெடக்குது. பெரியவ கிட்ட நீங்கதான் சொல்லணும். அத்தை வாயால அவ கேக்கக் கூடாது."

சொல்ல முயற்சி செய்தேன். காலையில் பெரியவள் தலை வாரும்போது போய் நின்றேன், "இன்னாப்பா?" என்றாள்; "ஒண்ணுமில்ல, எண்ணெய் வை" என்றேன். மத்தியானம் போய் நின்றேன். செல்போன் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மலையைப் பாத்து சொல்றதை வீடியோ எடுத்து எங்க தமிழ் மிஸ்ஸுக்கு அனுப்பணும்" என்றாள். நான் போய் மின்விசிறியைத் துடைத்தேன்.

அத்தையையாவது மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தேன். "எந்துக்குரா என்னை வெரட்டுற? நானும் கூட்டத்துக்கு வரேன். உங்க நைனா எங்க படுத்தான்னு நானும் கேக்கறேன்" என்று புடவை மாற்றிக்கொண்டார்.

நூலக மாடியில் அன்று நல்ல கூட்டம். போஸ்ட் மாஸ்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். முதலில் மெஸ்காரர். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாகியும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதோடு போய் ஜன்னலில் நின்று, மலையைப் பார்த்து, கணீரென்று, "எங்க நைனா தண்டவாளத்துல படுத்தாரு, பத்தடி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். போஸ்ட் மாஸ்டர் டிக் அடித்தார். கைதட்டல். அந்தக் கண்ணாடி வழியாக மலை எவ்வளவு தெரிந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது நான். ஏழெட்டு அடி தூரம்தான். அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. பெரியவள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் சைடா நில்லு, மலையும் வரட்டும்" என்றாள். சின்னவள் டம்ளரை வேறு கொண்டுவந்திருந்தாள், வீடியோவில் காட்ட.

ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. படிக்கட்டில் யாரோ குடும்பமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மொட்டை போட்ட தலைகள் வெயிலில் பளபளத்தன. கண்ணை மூடிப் பார்த்தேன். மூடினால் கோபுரம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"எங்க நைனாவுக்கு மீசை கிடையாது" என்றேன்.

போஸ்ட் மாஸ்டர் நிமிர்ந்தார். "அது நோட்டில் தனியா கேக்கல. படுத்ததைச் சொல்லுங்க."

"படுக்கலைங்க. அவரு ரயிலுக்குள்ள இருந்தாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயதார்த்தம், ராகுகாலம், மறியல் செய்தவர்களோடு போட்ட சண்டை, லாரி. கடைசியில், "படுத்தாருன்னு சொன்னது நான். எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல பேசினதும் நான் சொல்லித்தான். அது மேல தப்பில்ல" என்றேன். அதை மலையைப் பார்த்துச் சொன்னேனே ஒழிய, பெரியவள் பக்கம் திரும்பவில்லை.

பின்வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ஒரேய், வாழைத்தாரை உட்டுட்டடா!"

எல்லாரும் சிரித்தார்கள். வாழைத்தாரையும் சேர்த்துச் சொன்னேன். அப்போதுதான் பூக்கடை அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"இருங்க, இருங்க. வாழைத்தாரா? தாரைக் கட்டிப் புடிச்சிகினு மூலையில உக்காந்தாரே, அந்த ஆளா உங்க நைனா?"

"உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"எங்க மாமனாரு சொல்வாரு. அவரு அன்னைக்குத் தண்டவாளத்துல படுத்தவரு."

போஸ்ட் மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்க மாமனாரு படுத்தாரா? ஏம்மா, இத்தனை மாசமா வரீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"என்னை யாரு கேட்டீங்க? வீட்டுப் பெரியவங்கன்னீங்க, இவங்கல்லாம் அவங்கவங்க அப்பாவப் பத்தி பேசினாங்க. நான் கால்வாய்க்கு வந்தவ." அப்படியே ஜன்னலுக்கு வந்து, மலையைப் பார்த்து, யாரும் கேட்காமலே சொன்னார். "லாரில போறப்பவே அந்த ஆளு 'உடு, உடு, என்னை உடு'ன்னு கத்தினாராம். கூட இருந்தவங்க அதுவும் கோஷம்னு நெனச்சி, எல்லாரும் சேந்து 'உடு, உடு'ன்னு கத்தினாங்களாம். ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டு போய் உக்கார வெச்சாங்களாம். காலையிலேர்ந்து யாருக்கும் பச்சத்தண்ணி கூட இல்ல. எல்லாருக்கும் கண்ணு தார் மேலயே. 'தங்கச்சி நிச்சயத்துப் பழம், தொட்டா கையை ஒடிப்பேன்'னு உக்காந்து இருந்தாராம். மணி பத்தரை அடிச்சுது. ராகுகாலம் பொறந்துடுச்சு. எழுந்து நின்னு மூஞ்சைத் தொடச்சிகினு, 'இனிமே இது இன்னாத்துக்கு? தின்னுங்கடா'ன்னு ஆளுக்கு ரெண்டா பிச்சிக் குடுத்தாராம். காவலுக்கு நின்ன போலீசுக்கும் குடுத்தாராம். எங்க மாமனாரு சாவற வரைக்கும் வாழைப்பழத்தைப் பாத்தா அந்த ஆளைப் பத்திப் பேசாம இருந்ததில்ல."

அத்தை எழுந்து வந்துவிட்டார். "அவன் தின்னானா?"

"ஒண்ணு கூடத் தொடலன்னுதான் எங்க மாமனாரு சொல்வாருங்க."

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டுத் திரும்பி, "போலீசுக்குக் குடுத்தானே, எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சானா?" என்றார்.

அதற்குப் பிறகு அன்றைய கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. போஸ்ட் மாஸ்டர் நோட்டைப் பார்த்து மற்றவர்களையும் ஒவ்வொருவராக ஜன்னலுக்குக் கூப்பிட்டார். மெஸ்காரர் தானாகவே எழுந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "எங்க நைனா தண்டவாளத்துல..." என்றார். இருமினார். "தண்டவாளத்துக்குப் பக்கத்துல..." என்றார்.

"எவ்ளோ பக்கத்துல?"

"பாத்தா தெரியற தூரம்."

"எங்கேர்ந்து பாத்தா?"

"எங்க மெஸ் மாடிலேர்ந்து."

இன்னொருவரின் அப்பா அன்று பொதட்டூர்பேட்டையில் மாமியார் வீட்டு விருந்தில் இருந்திருக்கிறார். இன்னொருவரின் அப்பா அப்போது பிறந்திருக்கவே இல்லை என்பதைப் போஸ்ட் மாஸ்டர் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தார். ஐந்தரைக்கு நோட்டில் மிஞ்சியது இரண்டு பேர்: படுத்தவர் ஒருவர், ரயிலுக்குள் இருந்தவர் ஒருவர். கூட்டம் தொடங்கியதிலிருந்து கால்வாய்க்காக யாரும் சண்டை போடாத ஒரே நாள் அது.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். வீட்டுக்குப் போனதும் டம்ளரை எடுத்துப் பையில் வைத்தாள். மறுநாள் தமிழ் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாளாம். நான் கடையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் சுற்றைத் தப்பாகச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வந்தாள். டம்ளர் கையில் இருந்தது.

"மிஸ் இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"குடுத்த பரிசைத் திருப்பி வாங்கற வழக்கம் இல்லையாம். நாளைக்கு அசெம்பிளில உண்மைக் கதையைப் பேசுன்னாங்க." டம்ளரை என் முன்னால் வைத்தாள். "இந்தா, இது உனக்குத்தான். கதை உன்னோடதுதானே? ஃபர்ஸ்ட் பிரைஸ்."

இப்போது அந்த டம்ளரில்தான் நான் தினமும் டீ குடிக்கிறேன். டீ குடிக்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அசெம்பிளியில் அவள் வாழைத்தாரைப் பற்றிப் பேசியபோது ஹெட்மிஸ்ட்ரஸே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாராம். பரிசு கிடையாது.

பலகை வந்துவிட்டது. நீங்கள் படித்திருக்கிறீர்கள். மேல் வரியில் பூக்கடை அம்மாவின் மாமனார் பெயர், ரயிலை மறித்தவர் என்று. கீழ் வரியில் உங்கள் தாத்தா பெயர், மறித்த ரயிலில் இருந்தவர் என்று. இரண்டாவது வரி வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேரும் இருந்தால்தான்யா அன்னைக்கு நடந்தது முழுசா வரும்" என்று போஸ்ட் மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். பழத்துக்கு ஒரு வரி வேண்டும் என்று அத்தை கேட்டதற்கு மட்டும் பலகையில் இடமில்லை என்றுவிட்டார். அதற்காக, திறக்கும் நாளன்று அத்தை நகரியிலிருந்து ஒரு முழு வாழைத்தாரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்டக்டரோடு சண்டை போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பலகைக்கு முன்னால் நின்று முதல் பழத்தைத் தானே உரித்துத் தின்றார். பிறகுதான் மற்றவர்களுக்கு.

போன மாதம் ஒருவழியாகக் கால்வாய் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். மெஸ் வாசலைத் தாண்டி நூலகம் வரை தோண்டினார்கள். தோண்டும்போது பலகையைப் பிடுங்கி வைத்தார்கள், வேலை முடிந்ததும் மறுபடி நட்டார்கள். நட்டவர்கள் அதைத் திருப்பி நட்டுவிட்டார்கள். இப்போது எழுத்து மலைப் பக்கம் பார்க்கிறது, தெருவுக்குப் பலகையின் முதுகுதான் தெரிகிறது. பலகையைப் படிக்கவேண்டுமானால் அந்தப் பக்கம் சுற்றிப் போய், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

இது நல்லதல்ல என்று நான் போஸ்ட் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஏனென்றால் மெஸ்ஸுக்குச் சாப்பிட வரும் வெளியூர்க்காரர்களை மெஸ்காரர் அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைப் படித்துக் காட்டுகிறார், முதுகு மலைப் பக்கம் இருக்க. முதல் வாரம் அவருடைய அப்பா மாடியிலிருந்து பார்த்தார். அடுத்த வாரம் மாடியிலிருந்து இறங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது ஸ்டேஷன் பிளாட்பாரம் வரைக்கும் வந்துவிட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கும் நாக்கு அரித்தது. நைனா பழம் கொடுத்த போலீஸ்காரர் அழுதுவிட்டார் என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு நேரே கடைக்கு வந்து பெஞ்சைத் திருப்பிப் போட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய கிணற்று மோட்டார் நாலு நாளாக என்னிடம் இருக்கிறது.

"எப்ப ரெடியாவும்?" என்று கேட்டார்.

வழக்கமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. நிமிர்ந்தால் எதிரே மலை. "வியாழக்கிழமைக்கு முன்னாடி ஆவாதுங்க. இன்னும் பிரிக்கவே இல்ல" என்றேன்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாங்க, நாளைக்குன்னு சொல்ல மாட்றீங்க? அவ்ளோ மோசமா பூடுச்சா மோட்டாரு?" என்றார்.